ஏஜென்ட் அரைப்பக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குணசேகர் முழங்கால் வரை தொங்கும் ஜிப்பாவோடு வாசலுக்கு வந்தபோது, எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெங்களூர் நீலசந்திராவின் அந்தச் சந்தில் யார் எந்தச் சட்டையோடு வெளியே வந்தாலும் அதை முதலில் பார்க்கும் உரிமை அவளுக்குத்தான். அது எழுதப்படாத ஏற்பாடு.

"இன்னா குணா, மாப்ள கணக்கா கீற?"

"சாயங்காலம் புக் ரிலீஸ் கீதுக்கா. போட்டுப் பாத்தேன்."

"அதான் போன வருசமே ரிலீஸ் பண்ணியே."

"இது வேறக்கா. அதே தமிழு, கன்னட எழுத்துல. நம்ம பசங்களுக்குத் தமிழ் பேசத்தானே வருது, படிக்க வரலியே. இப்ப எல்லாப் பசங்களும் படிக்கலாம்."

ராஜலக்ஷ்மி ஒரு காம்பைக் கிள்ளித் தூர எறிந்தாள். "அப்ப உன் பொண்ணும் படிச்சிடுவா."

அவ்வளவுதான் சொன்னாள். ஜிப்பாவின் கைமடிப்பை நீவிக்கொண்டிருந்த குணசேகரின் விரல்கள் அப்படியே நின்றன. பதினைந்து நாள் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தவன், ஒரு தடவைகூட இதை நினைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான்.

குணசேகர் பிறவி எழுத்தாளன் இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்த சவரிமுத்துவின் கடைசி மகன். சுரங்கம் மூடியபின் பெங்களூர் வந்து, ஒக்கலிபுரத்தில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைகளில் ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தவன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் வேகமாக அடிப்பான். மூன்றிலும் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை.

எழுத வைத்தவள் அவன் மகள் ஜோவிதா. ஆறாம் வகுப்பு. ஓட்டம் வரும், கேரம் வரும், தெருச்சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்ட வரும். புத்தகம் மட்டும் ஆகாது. சமூகப் பாடப் புத்தகத்தைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டு, "அதுவா விழுந்துச்சு டாடி" என்று சொன்னவள். டியூஷன் டீச்சர் வருகிற நேரத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து அங்கேயே தூங்கிப்போய், குழந்தையைக் காணோம் என்று தெருவே மூன்று மணி நேரம் தேடும்படி வைத்தவள்.

பள்ளியில் மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "சிரிப்பான புக்கா வாங்கிக் குடுங்க சார். குட்டி ஸ்பை, துப்பறியறது, அந்த மாதிரி. படிக்கவே மாட்டேங்கிற பசங்க முதல்ல அதைத்தான் தொடுவாங்க."

பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷில் நான்கு வாங்கி வந்தான். அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட குழந்தைகள். ஜோவிதா நான்கையும் தொட்டாள். கேரம் போர்டு ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு போர்டு ஆடவே இல்லை. அந்த அளவில் இலக்கியத்தால் அந்த வீட்டுக்கு நன்மை நடந்தது.

'நாமே எழுதினால் என்ன' என்று குணசேகருக்குத் தோன்றியது அப்போதுதான். தமிழில் எழுதினான். கன்னடம் வாடிக்கையாளருக்கு, இங்கிலீஷ் பட்டங்களுக்கு. சிரிப்பு அவனுக்குத் தமிழில்தான் வரும். மகளுக்குத் தமிழ் படிக்க வராதே என்று மச்சினன் கேட்டதற்கு, "கத்துகினு கீறா" என்றான். அது பொய்யில்லை. அதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்தத் தெருவுக்கு எல்லாம் தெரியும். யார் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது, யாருக்கு எந்தக் காலில் ஆணி என்பது வரை தெரியும். ஜோவிதா தமிழ் கற்கும் காரணம் மட்டும் தெரியாது. குணசேகரின் மனைவி லூர்துமேரி, குவைத்தில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அவளுக்கு எழுத வருவது தமிழ் ஒன்றுதான். கிளம்பிய அன்று நான்காக மடித்த ஒரு கடிதத்தை மகள் கையில் வைத்தாள்.

"தமிழ் கத்துகினு நீயே படி. யாரும் படிச்சிக் காட்டக் கூடாது. டாடியும்தான்."

மகளைப் படிக்க வைக்க ஒரு தாய் செய்த தந்திரம், அவ்வளவே. ஆனால் எந்தப் புத்தகத்துக்கும் அசையாத பெண் அந்தக் காகிதத்துக்கு அசைந்தாள். பழைய யூனிபார்ம் சாக்ஸில் இடது காலுக்குள் அதைத் திணித்து, சுருட்டி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். மாதா படத்தின் மேல் அப்பாவின் கையை வைக்கச் சொல்லி, பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தினசரியை விரித்து வாரம் ஓர் எழுத்து. பண்டிகை வாரம் விடுமுறை. மறந்த எழுத்துக்கு மறுபடி ஒரு வாரம். ஞாயிறு மத்தியானம் குவைத்திலிருந்து வீடியோவில் அழைக்கும் லூர்துமேரி, சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே, "லெட்டர் படிச்சிட்டியாடி?" என்பாள். "இன்னும் கொஞ்சம்தான் மம்மி" என்பாள் இவள். இந்த வாரத்தோடு இரண்டே எழுத்துதான் பாக்கி. 'ற' ஒன்று, 'ன' ஒன்று.

இதை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வருவோம். குணசேகர் முதலில் ஒரு வீரச் சிறுவனைத்தான் ஒற்றனாக எழுதிப் பார்த்தான். அவன் சுவர் ஏறினான், குதித்தான், ஜெயித்தான். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அலுத்துப்போய் அந்தத் தண்ணீர் டிரம்மை எழுதினான். பிறகு கட்டிலை எழுதினான். அதன்பின் பேனா நிற்கவே இல்லை. சிறுவன் போனான்; பதினொரு வயது ஏஜென்ட் அரைப்பக்கம் வந்தாள். எந்த ரகசிய உத்தரவானாலும் மேல் பாதியை மட்டும் படிக்கும் உளவுக்காரி. 'கர்னல் கோபியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடி' என்பது வரை படிப்பாள். 'அவன் எண்ணெய்ச் சட்டியை இறக்கிய பிறகு' என்பது கீழ்ப் பாதியில் இருக்கும். கர்னல் கோபி, தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரி விற்கும் வேஷத்தில் திரியும் எதிரி நாட்டு உளவாளி.

கதை சிரிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் முடிவுக்கு ஒரு பெரிய சிரிப்பு வேண்டியிருந்தது. மூன்று வாரம் தலையைச் சொறிந்தான். கடைசியில் ஒன்பதாவது அத்தியாயத்தில் அதை வைத்தான். அரைப்பக்கம் எட்டு அத்தியாயமாக ஓர் அதிரகசியக் கடிதத்தை இடது கால் சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். அதன் எழுத்து படிக்க வராததால் பிரிக்கவே இல்லை. கடைசியில் உளவு இலாகா முழுவதும் சல்யூட் அடித்து நிற்க, அதைப் பிரித்தால், அது தலைவரின் மனைவி எழுதிய மளிகைச் சீட்டு. துவரம் பருப்பு அரை கிலோ. புளி நூறு கிராம். தேங்காய் ஒன்று, ஆட்டிப் பார்த்து எடு.

எழுதி முடித்து, தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு பேனாவை மூடினான். ஜோவிதா தமிழில் ஒரு புத்தகம் படிக்கும் காலத்துக்குள் பெரியவளாகிவிடுவாள், அவளே சிரிப்பாள் என்று சொல்லிக்கொண்டான். 'நான் கடிதத்தைப் பிரிக்கவில்லையே' என்றும் சொல்லிக்கொண்டான். சத்தியம் சேதாரமில்லாமல் இருந்தது.

அச்சக முதலாளி நாராயணசாமி, கல்யாண ஆர்டர் இல்லாத ஆடி மாதத்தில் முந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். ஜோவிதா ஒரு பக்கத்தைத் திறந்து, "எவ்ளோ எழுத்து டாடி" என்று மூடினாள். வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. படித்ததெல்லாம் பெரியவர்கள்தான். வாணியம்பாடியில் பத்தாவது வரை படித்த ராஜலக்ஷ்மி, டிரம் வந்த பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் படித்தால் தெரு படித்த மாதிரி. குழந்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று குணசேகர் கெஞ்சினான். சொல்லவில்லை, வாக்குத் தவறாத தெரு. ஜோவிதா தண்ணீருக்குக் குடம் எடுத்துப் போகும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி.

"ஏன் டாடி என்னைப் பாத்தா சிரிக்கிறாங்க?"

"ஜடை கோணலா இருக்கும்மா."

அன்றிலிருந்து ஜோவிதா வெளியே போகும் முன் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை ஜடை பின்னிக்கொண்டாள்.

மிச்சப் பிரதிகள் கட்டாகக் கிடப்பதைப் பார்த்துக் கன்னட எழுத்து யோசனையைச் சொன்னவரும் நாராயணசாமிதான். "அதே தமிழை அந்த எழுத்துல போடு குணசேகர். பசங்க பிச்சிக்கும்." அதற்குக் குணசேகரைவிட்டால் ஆள் ஏது? தமிழில் ஒரே 'க' போதும். கன்னடத்தில் 'க' வேறு, 'ga' சத்தம் வேறு. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுத்தைத் தேர்ந்தான். பதினைந்து நாள். துவரம் பருப்புக்கு எந்த 'து' என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தவனுக்கு, அந்தப் பருப்பு யாருடைய சாக்ஸிலிருந்து வந்தது என்பது தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டுப் பெயர்களை அடித்த பழக்கம் அது. எழுத்தைப் பார்ப்பான், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டான்.

போதாததற்கு, விழா நடத்தும் யசோதா டீச்சர் வெள்ளிக்கிழமை போன் செய்திருந்தார். பிரேசர் டவுனில் படிக்க மறுக்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் கூட்டிவைத்துப் புத்தகம் காட்டும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "உங்க பொண்ணே மேடையில ஒரு பக்கம் படிக்கட்டுமே." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜோவிதா கட்டிலில் ஏறிக் குதித்தாள். மேடை என்றால் புத்தகம்கூடப் பரவாயில்லை அவளுக்கு. குணசேகரும் பூரித்துப்போய்ச் சரி என்றான்.

இப்போது ஜிப்பாவோடு ராஜலக்ஷ்மி முன்னால் நின்றுகொண்டு கணக்குப் போட்டான். முதல் பக்கத்தில் கர்னல் கோபி எண்ணெய் காயவைப்பது மட்டும்தான் வருகிறது. அதை மட்டும் படிக்க வைத்துவிட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடலாம். இரண்டு எழுத்து, இரண்டு ஞாயிறு. அவள் அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டால், அதன்பிறகு எந்தப் பருப்பைப் படித்தாலும் அடி அவ்வளவு பலமாக இருக்காது.

"முதல் பக்கம் மட்டும் படிக்கிற. அதுக்கு மேல போவக் கூடாது" என்றான் ஆட்டோவில்.

"ஏன்?"

"மிச்சத்தை அவங்க வாங்கிப் படிக்கணும் இல்ல?"

"ஓ, சஸ்பென்ஸு" என்று சொல்லி ஜடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளி ஹாலில் அறுபது எழுபது பிள்ளைகள். பட்டுப்புடவையில் ராஜலக்ஷ்மி முதல் வரிசையில். ஜோவிதா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, கன்னட எழுத்தைப் பார்த்துத் தமிழில் படித்தாள். கர்னல் கோபிக்குக் கரகரப்புக் குரல், கொதிக்கும் எண்ணெய்க்கு ஒரு சத்தம். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். எழுத்தைப் பார்த்தாலே ஓடுகிற ஒரு பையன் முன்னால் வந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான். மேடையில் குணசேகரின் மார்பு ஜிப்பாவுக்குள் விரிந்தது. பக்கம் முடிந்தது. கைதட்டல்.

"இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றது கூட்டம்.

யசோதா டீச்சர் மைக்கை வாங்கினார். "ஜோவிதா, ஒம்பதாவது அத்தியாயம் படிம்மா. தமிழ்ல வந்தப்பவே அதைப் படிச்சு ரெண்டு நாள் சிரிச்சேன்."

குணசேகர் எழுந்துவிட்டான். "டைம் ஆயிடுச்சு மேடம்."

"உக்காருங்க சார். பசங்களே கேக்குறாங்க. நாம தடுக்கலாமா?"

அவன் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. அவள் அதைக் கவனிக்கவில்லை, பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்ட் அரைப்பக்கம் குனிந்து, தன் இடது கால் சாக்ஸுக்குள்..."

நின்றாள். யசோதா டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜோவிதா வாங்கவில்லை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. வேறு ஏதோ ஒரு சாக்ஸாக இருக்கும் என்று அவன் சொல்வதற்கு இடம் கொடுப்பதுபோல ஒரு பார்வை. குணசேகர் ஜிப்பாவின் கைமடிப்பைப் பார்த்தான்.

அவள் படித்தாள். நடிப்பில்லை, குரல் மாற்றமில்லை. நான்காக மடித்த காகிதம். அந்த எழுத்து படிக்க வராததால் அவள் அதைப் பிரிக்கவே இல்லை. 'என்றைக்காவது நானே படிப்பேன்' என்று சொல்லிக்கொண்டு எட்டு அத்தியாயம் ஓடிய முட்டாள் ஏஜென்ட். சல்யூட். துவரம் பருப்பு. புளி. ஆட்டிப் பார்த்து எடுக்க வேண்டிய தேங்காய். ஹால் இடிந்துவிடும்போல் சிரித்தது. கடிதத்தைப் பற்றித் தெரியாத ராஜலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பாடப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்தைக்கூடத் தடுமாறாமல் படித்திராத பெண், அன்றைக்கு நான்கு பக்கத்தை ஓர் எழுத்தில்கூடத் தடுமாறாமல் படித்து முடித்தாள். யசோதா டீச்சர் அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்.

திரும்பும்போது சாலையில் நெரிசல். ஆட்டோ நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. ஜோவிதா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரித்து, தலை நிமிராமல் படித்துக்கொண்டே வந்தாள். இந்த ஒரு காட்சியைப் பார்ப்பதற்காகத்தான் குணசேகர் எழுதவே தொடங்கினான். பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தான்.

ஜான்சன் மார்க்கெட் தாண்டியபோது அவள் கேட்டாள். "டிரம் நான்தானே?"

"கதைம்மா அது."

"கட்டில்?"

"சும்மா, சிரிக்கிறதுக்கு..."

"ஜடையப் பாத்து சிரிக்கல இல்ல?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வரும் வழியில் முனையில் நின்ற பிள்ளைகள், "ஏய் பருப்பு" என்று கூப்பிட்டார்கள். எல்லார் கையிலும் புத்தகம். நாராயணசாமி போனில் உற்சாகமாக இருந்தார்: கொண்டுபோனது அத்தனையும் தீர்ந்துவிட்டது, இரண்டாம் பாகத்தை உடனே ஆரம்பி. பார்க்கலாம் சார் என்றான் குணசேகர். முடியாது சார் என்று சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் தினசரியைத் தரையில் விரித்தான். "வா. இன்னிக்கு 'ற'."

"பேடா."

கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பேடா என்றால் வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்.

"ரெண்டே எழுத்தும்மா."

ஜோவிதா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சுருட்டிய சாக்ஸை எடுத்துவந்து, தினசரியின் மேல், அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீயே படிச்சிக்கோ டாடி. இன்னும் ஏதாச்சும் வாங்கணுமான்னு பாரு."

அவன் அதைத் தொடவில்லை. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.  

மத்தியானம் போன் அடித்தது. திரையில் லூர்துமேரி. பின்னால் அந்த வயதான அம்மாளின் சக்கர நாற்காலி, ஏசி காற்றில் ஆடும் திரைச்சீலை.

"லெட்டர் படிச்சிட்டியாடி?"

"படிச்சிட்டேன் மம்மி."

லூர்துமேரியின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. கண்ணும் மூக்குமாகத் திரை நிறைந்துவிட்டது. "நெஜமாவா? நீயேவா படிச்ச? எல்லாத்தயும்?"

"எல்லாத்தயும். அரை கிலோ துவரம் பருப்பு, நூறு கிராம் புளி, தேங்கா ஒண்ணு."

"இன்னாடி சொல்ற?" லூர்துமேரி பாதி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நான் எங்கடி அப்டி எழுதனேன்? நான் எழுதனது... குணா, இன்னா சொல்றா இவ?"

"டாடியக் கேளு. அவருதான் ரைட்டரு."

போனை அப்பாவின் கையில் வைத்துவிட்டு ஜோவிதா வெளியே போனாள். ஜடை பின்னிக்கொள்ளவில்லை. முனையில் யாரோ "பருப்பு" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"குணா, லெட்டரப் பிரிச்சியா? சத்தியம் பண்ணியே. பேசேன்."

குணசேகர் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முன்னால் தினசரி, அதன் மேல் பிரிக்காத சாக்ஸ். பிரிக்கவில்லை என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அந்தப் பருப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்வீட்டில் டிவி சத்தம் மெல்லக் குறைந்தது.